சன்னாசிக் கெளுத்தி வாயை மூடின கதை

மீனும் நண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்கிற கழிமுகத்தின் அடிச் சேற்றில் சன்னாசி என்றொரு கெளுத்தி இருந்தான். அப்பப்பா, அவன் வாய் இருக்கிறதே! கலங்கல் தண்ணீரில் எதிரே வருவது யார் என்றே தெரியாது; ஆனாலும் பேசுவான். ஆற்றுச் சேதியைக் கடல் மீனிடமும் கடல் சேதியை ஆற்று மீனிடமும் சொல்லாவிட்டால் அவனுக்கு இரை செரிக்காது.

அவன் மனைவி உடையாள் சேற்றுப் பள்ளத்தில் கோலிக்குண்டு அளவில் முப்பது முட்டை இட்டாள். "பசி தாங்கல, இரை தேடிட்டு வாரேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, ஆமா!" என்றாள்.

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றான் சன்னாசி.

அவள் வால் மறைந்ததுதான் தாமதம், இறாலிடம் சொன்னான். மடவை மீனிடம் சொன்னான். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, கலங்கலில் வந்த இன்னொருவரிடம் பள்ளம் இருக்கும் இடத்தையே சொல்லிவிட்டான். அது முட்டை தின்னிக் களிநண்டு.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்று நண்டு கொடுக்கை விரித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நடந்தது.

அப்போதுதான் சன்னாசிக்கு உறைத்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடக் கையா இருக்கிறது? பாவிப்பயலுக்கு இருந்தது வாய் ஒன்றுதான். நண்டை முந்திப் போய் முப்பதையும் அள்ளி வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டான்.

நண்டு விடுமா? பக்கத்திலேயே குந்திக்கொண்டு வம்புக்கு இழுத்தது. "கொழுத்த இறால் இருக்கு, வேணுமா அண்ணாச்சி?" பதில் இல்லை. "உங்க மீசை பூனைகிட்ட இரவல் வாங்கினதாமே?" ஐயோ! சன்னாசிக்குப் பதில் தொண்டை வரை வந்தது. மீசை மட்டும் துடித்தது.

அந்த நேரம் பார்த்து உடையாள் திரும்பி வந்தாள். பள்ளம் காலி. "ஐயோ, எம் புள்ளைங்க! எவன்கிட்ட உளறினீங்க?" என்று கதறினாள். அவள் அழுவதைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு வெடித்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "நான் இவ்வளவு திட்டியும் இந்த மனுசன் பேசலையே! அப்போ வாய்க்குள்ள என்னமோ இருக்கு."

இரண்டு அமாவாசை போனது; நண்டும் காத்துச் சலித்துப் போய்விட்டது. சன்னாசி பட்டினியால் குச்சியாய் இளைத்தான். குஞ்சுகள் பொரிந்து வெளியே நீந்தின. அப்பாடா! சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் கொட்ட மூச்சை இழுத்து, "உடையா, கேளு, அந்த நண்டு இருக்கானே..." என்றான்.

நண்டு என்றதும் குஞ்சுகள் அரண்டுபோய், முப்பதும் பாய்ந்து மறுபடி அவன் வாய்க்குள்ளேயே புகுந்துகொண்டன.

ஆண் கெளுத்தி சோறு தண்ணியில்லாமல் பிள்ளைகளை வாயில் சுமப்பதும், சொல்ல நினைத்ததையெல்லாம் மீசையை ஆட்டியே சொல்லிக்கொண்டிருப்பதும் அன்று முதல்தான்.