தலையணையில் பூத்த மல்லிகை

செங்கழனி நாட்டு ராஜா கனகராயருக்கு எதையுமே அளவாக ரசிக்கத் தெரியாது. பாட்டு பிடித்துவிட்டால் பாடகரைத் தூங்க விடமாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு அஞ்சுகம் என்ற பூத்தையல்காரி ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். வெண்பட்டு நூலில் மல்லிகைக் கொடி. மொட்டு நுனியில் லேசான சிவப்பு, இலைகளில் விதவிதமான பச்சை. பார்த்தவர்கள் பறிக்கக் கை நீட்டினார்கள்.

ராஜா சொக்கிப்போய்த் தோட்டக்காரனை அழைத்தார்.

"கொடி வாடுகிறது, தண்ணீர் ஊற்று!"

அவன் என்ன செய்வான், பாவம்! ஒரு குடம் ஊற்றினான். ராஜா ஆசையாகக் குனிந்து முகர்ந்தார். ஈரப்பஞ்சு நாற்றம் குப்பென்று அடித்தது.

"மோசடி! பௌர்ணமிக்குள் இந்தப் பூ மணக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் தெருவில் ஒரு பெண்ணும் ஊசியைத் தொடக் கூடாது!"

"அத்தர் தெளித்து ஏமாற்றவும் கூடாது" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் மந்திரி சூரப்பர்.

அஞ்சுகம் அழுதுகொண்டே அரசவை விதூஷகர் ஏகாம்பரத்திடம் ஓடினாள்.

"ஐயா, ஊசி போனால் எங்கள் தெருவே பட்டினி. நூலுக்கு வாசனையை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"வாசனை கிடக்கட்டும் அம்மா. ராஜாவின் மூக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

"அதை யாரால் ஐயா மறக்க முடியும்?"

"அப்படியானால் ஊசியை எடு."

பௌர்ணமியன்று சபையில் உறையை விரித்தார்கள். மல்லிகைக்குப் பக்கத்தில் ராஜாவின் முகம்! தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தைத்தது. முறுக்கு மீசை, மூக்கின் மேல் மரு, எதையும் விடவில்லை. கண்கள் சொக்கியிருந்தன. மூக்குத் துவாரம் விரிந்து பூவை முகர்ந்துகொண்டிருந்தது. என்ன கைவண்ணம்!

"உறையில் இருக்கிறவருக்கு மணக்கிறதா இல்லையா, நீங்களே பாருங்கள் மகாராஜா" என்றார் ஏகாம்பரம்.

ராஜா உற்றுப் பார்த்தார். "அடடா, மயங்கியே போய்விட்டாரே! எனக்கு மட்டும் ஏன் மணக்கவில்லை?"

"நூல் பூவின் வாசனை நூல் மூக்குக்குத்தான் எட்டும், மகாராஜா."

"பலே! பெண்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டியதுதான்."

சூரப்பருக்கு வயிறு எரிந்தது. "முகர்ந்தவர் அவர். பரிசையும் அந்த நூல் ராஜாவே கொடுக்கட்டுமே!"

"கொடுக்க அவருக்கும் ஆசைதான் மந்திரியாரே" என்றார் ஏகாம்பரம். "துணி கழுத்தோடு முடிந்துவிட்டது. கை இருக்கிற ராஜா இவர் ஒருவர்தான்!"

கனகராயர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, கழுத்திலிருந்த முத்துமாலையைத் தன் இரண்டு கைகளாலும் கழற்றினார்.