பெருச்சாளியின் பின்வாசல்

குளக்கரைத் தாழம்புதரின் அடியில் மல்லையன் என்னும் பெருச்சாளியும் அவன் மனைவி செம்பியும் வளை தோண்டி வாழ்ந்துவந்தார்கள். பெருச்சாளிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்வாசல் எப்படி இருந்தாலும், பின்வாசலை மட்டும் தங்கள் உடம்பின் அளவுக்கே தோண்டுவார்கள்; பொடிமண் தூவி அதை மறைத்துவைப்பார்கள். பாம்பு முன்னால் நுழைந்தால் அவர்கள் பின்னால் வெளியேறிவிடுவார்கள். அவர்களுடைய உயிர் அந்த ஒரு துளையில்தான் இருந்தது.

கரைக்கு அப்பால் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்று வந்தது. அன்றோடு மல்லையன் இரை தேடி அலைவதை விட்டான். கொப்பரையின் ஓரம் வழிந்த பாகை நக்குவதும், வந்து படுப்பதும், எழுந்து மறுபடி நக்கப் போவதுமே அவன் பிழைப்பாயிற்று. நாளடைவில் பின்வாசல் அவன் விலாவை உரசத் தொடங்கியது. அவன் தன் வாயைக் குறை சொல்லவில்லை. ஈரத்தில் மண் உப்பிவிட்டது என்று மண்ணைக் குறை சொன்னான்.

செம்பி சொன்ன வழி எளியது. பாகை விட்டுக் கிழங்கும் நெல்லும் நண்டும் தின்னட்டும். பசித்தபோது தின்று, போதும் என்று வயிறு சொன்னதும் நிறுத்தட்டும். தன்னோடு தினமும் கடைசி வயல்வரை நடந்து வரட்டும். உடம்பு தானே வடியும் என்றாள்.

"எப்போ வடியும்?" என்று கேட்டான் மல்லையன்.

"ஏறினது ஒரே நாளிலயா? இறங்கவும் நாளாகுமுங்க."

அத்தனை மெதுவான வழி சோம்பேறிகளுக்கே உரியது என்று, அன்று முழுவதும் படுத்தே கிடந்த மல்லையன் தீர்ப்புச் சொன்னான்.

எதிரே பட்டமரத்தடியில் ஒரு சாரைப்பாம்பு வெயில் காய்வாள். வயிறு நிறைந்த சாரை யாரையும் துரத்தமாட்டாள் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். அவள் தவளை ஒன்றை விழுங்கிவிட்டுக் கிடந்த ஒரு பகலில், மல்லையன் வளைவாயில் நின்றபடி அவளுடைய மெல்லிய, பளபளக்கும் உடம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"சாரையக்கா, இந்த உடம்புக்கு நீங்க என்னதான் செய்யறீங்க?"

"ஒண்ணுமில்லை தம்பி. ஒரு வேளை சாப்பிடுவேன். அப்புறம் பல நாள் எதையும் தொடமாட்டேன்."

"வெல்லப்பாகு?"

"பட்டினி முடிஞ்சதும் உன் இஷ்டம்."

இதைவிட இனிய உபதேசத்தை மல்லையன் கேட்டதில்லை. அவன் வந்து சொன்னதும் செம்பி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ விழுங்குறவ, நாம கொறிக்கிறவங்க. அவ வயித்தைப் பார்த்து உங்க வயித்தைக் கட்டுவீங்களா?"

மல்லையன் பட்டினி கிடந்தான். மெலிந்தான், அதை மறுப்பதற்கில்லை. தோல் தொங்கியது, கால் நடுங்கியது, செம்பி வாயைத் திறந்தாலே எரிந்துவிழுந்தான். ஆனால் கரையில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தித் தன் இடுப்பைக் காட்டினான்; பின்வாசல்கூட இப்போது தனக்குத் தொளதொளக்கிறது என்று பீற்றிக்கொண்டான். சாரையும் மரத்தடியிலிருந்தே புகழ்ந்தாள்.

"இந்த இடுப்புக்கு அவ்வளவு பெரிய பின்வாசல் எதுக்கு தம்பி? அதை வெச்சிருந்தா, திரும்பவும் பெருத்துடுவோம்னு நீயே பயப்படறதாத்தானே நாலு பேர் பேசுவாங்க?"

மானமுள்ள மல்லையன் அன்றே பழைய துளையில் களிமண்ணை அடைத்து மிதித்தான். புதிய இடுப்புக்கு மயிரளவும் மிகாமல் வேறொன்று தோண்டினான். எப்போதும் ஒரே அளவாக இருந்த செம்பிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பட்டினி முடிந்தது, பசி முடியவில்லை. ஆலைக்குப் போன மல்லையன், தின்னாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துத் தின்றான். நாளை மறுபடி பட்டினி கிடக்கப்போகிறோமே என்று முன்கூட்டியும் தின்றான். அந்த நாளை வரவில்லை. தொப்பை வந்தது, முன்னிலும் பெரிதாக.

வாசலையாவது அகலப்படுத்துங்கள் என்று செம்பி மன்றாடினாள்.

"எதுக்கு? சீக்கிரமே இளைச்சுடுவேன். அப்புறம் பெரிய வாசல் அசிங்கமா இருக்கும்" என்றான் மல்லையன்.

ஒரு மாலை, பசித்த சாரை முன்வாசலில் தலை நீட்டினாள். செம்பி பின்வாசல் வழியே நழுவி வெளியேறினாள். மல்லையனும் பாய்ந்தான். தலை போயிற்று, தோள் போயிற்று, வயிறு போகவில்லை. செம்பி வெளியிலிருந்து நகம் பெயர மண்ணைப் பறித்தாள்.

"செம்பி, நாளையிலிருந்து பாகைத் தொடவே மாட்டேன்."

"நாளைக்கு இருக்கட்டும். இப்ப மூச்சை அடக்குங்க."

அவன் மூச்சை அடக்கினான். மூச்சு அடங்கியது, வயிறு அடங்கவில்லை.

பின்னால் சாரையின் குரல் மெதுவாகக் கேட்டது. "அவசரமில்லை தம்பி. நானும் பல நாளா ஒண்ணும் சாப்பிடலை. உனக்குச் சொன்னபடிதான் நடக்கறேன்."

மல்லையன் வாலை மட்டும் இழந்து தப்பினான் என்று இவ்விடத்தில் முடிப்பாரும் உண்டு. அவர்கள் இரக்கமுள்ளவர்கள். ஆனால் அந்தத் துளையில் இரக்கம் நுழையவும் இடமிருக்கவில்லை.

செம்பி மறுநாளும் கடைசி வயல்வரை நடந்துபோனாள். சாரை அதன்பிறகு பல நாள் எதையும் தொடவில்லை.

பிறர் வயிற்றைப் பார்த்துப் பட்டினியால் குறைத்த உடம்பு எவ்வளவு விரைவாகக் குறைந்ததோ அவ்வளவு விரைவாகத் திரும்பிவரும்; தன் வயிறு அறிந்து அளவாக உண்டு அன்றாடம் நடப்பவர்க்கே மெலிந்த உடம்பு நிலைக்கும்.