ஆட்டுக்கு வைத்த கசப்பு

தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரியில் குடிசை போட்டிருந்த கள்ளிச்சாமியிடம் முள்ளில்லாத கள்ளி ஒன்று இருந்தது. மெக்சிகோ பாலைவனத்துச் செடி. கப்பல் சமையல்காரன் ஒருவன் ஒரு சட்டி மீன்குழம்புக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சாமி சொல்வார். சொல்லும்போதெல்லாம் அந்தக் கப்பல் கொஞ்சம் நீளும். கடைசியாகச் சொன்னபோது அதன் மூக்கு துறைமுகத்திலும் வால் கொழும்பிலும் நின்றது.

செடி என்னவோ உள்ளங்கைக்குள் அடங்கும். சாம்பல் பூத்த பச்சை உருண்டை. முள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மண்ணுக்குக் கீழேதான் முள்ளங்கி கணக்காகப் பெரிய வேர். வளர்வதற்கு அதற்கு அவசரமே கிடையாது.

அதன் முன்னால் சிவனணைஞ்சான் வந்து உட்கார்ந்தார். ரசாயன ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி அன்னக்கனி போன ஐப்பசியில் இறந்தபிறகு சாமிக்குச் சீடராக வந்து சேர்ந்தவர்.

“சாமி, இதுல ஒரு துண்டு எனக்கு வேணும்.”

“எதுக்குவே?”

“இதைத் தின்னவன் இல்லாததையெல்லாம் பார்ப்பான், கேட்பான்னு படிச்சிருக்கேன். அவ முகம் போட்டோவுல இருக்கு. குரல்தான் மறந்துபோச்சு. நினைச்சு நினைச்சுப் பாக்கேன். வாய் அசையுது, சத்தம் வரமாட்டேங்கு.”

சாமி செடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“வேரை விட்டுட்டு மேலே மட்டும் சீவினா மறுபடி துளிர்த்துரும் சாமி. செடிக்கு ஒண்ணும் ஆகாது.”

சாமி அந்தப் பஞ்சை விரலால் நீவிவிட்டார். “முள்ளில்லாத பிள்ளை. ஆடு வந்து கடிச்சா என்ன செய்யும்? கசக்கும். ஆடு துப்பிட்டுப் போயிரும். அதுக்குத்தான் உள்ளே சரக்கு வச்சிருக்கு. உம்ம அன்னக்கனிக்காக அது ஒண்ணும் சமைக்கலை.”

சிவனணைஞ்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி, எதுலேருந்து சமைக்குது? நீர் ஆலையில இருந்தவரு, சொல்லும்.”

பழைய வேலையைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “டைரோசின்னு ஒரு அமினோ அமிலம். அங்கே கொஞ்சம் வெட்டி, இங்கே கொஞ்சம் ஒட்டி, அதைத்தான் மெஸ்கலின்ங்கிற அந்தச் சரக்கா மாத்துது. அதே டைரோசின் பால்ல இருக்கு, பருப்புல இருக்கு. அதை வச்சு நம்ம மூளையும் தனக்கு வேண்டியதைச் செஞ்சுக்கிடுது. ரெண்டு சரக்கும் ஜாடையில அண்ணன் தம்பி மாதிரி.”

“அப்போ செடி உலை வைக்கிற அரிசிதான் உம்ம தலைக்குள்ளேயும் வேகுது.”

“ஆமா.”

“பிறகு எதுக்குவே பக்கத்து வீட்டுக்குச் சட்டியைத் தூக்கிட்டு அலையுதீரு? அடுப்பைப் பத்தவையும். சிறுபருப்பு இருக்கு. உம்ம வீட்டுல கடையுற மாதிரி கடையும்.”

“எனக்குச் சமைக்கத் தெரியாதே சாமி.”

“அது பார்த்தாலே தெரியுது. கடையும்.”

பருப்பு வெந்தது. பூண்டையும் பச்சைமிளகாயையும் போட்டு, சிவனணைஞ்சான் மத்தை உருட்டினார். பாதி அடுப்பில் தெறித்தது. சாமி ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

“இந்தக் கஞ்சியைத்தான் ஆயுசு முழுக்க ஊத்தினாளா உம்ம பெண்டாட்டி? பாவம்வே நீர்.”

சிவனணைஞ்சானுக்குச் சுருக்கென்றது.

“அவளைச் சொல்லாதிய சாமி. அவ பருப்புக்குத் தெருவே கிண்ணத்தோட நிக்கும். நான்தான் கெடுத்தேன். என்னைக்காவது ஆசையா மத்தை வாங்கினா, ‘ஆமா, மத்தைக் குடுத்தா மண்வெட்டி கணக்காப் பிடிக்கிய. சட்டியை உடைச்சிட்டுத்தான் ஓய்வியளோ? தள்ளுங்க அங்கிட்டு’ம்பா…”

நிறுத்தினார்.

வந்தது அவர் தொண்டையிலிருந்துதான். ஆனால் அந்த ‘அங்கிட்டு’வின் இழுவை அவருடையது இல்லை. மூக்கில் லேசாக ஏறி, கடைசியில் ஒரு சிரிப்பை முந்தானைக்குள் ஒளிக்கிற இழுவை.

“தள்ளுங்க அங்கிட்டு,” என்று மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இருந்தது.

மத்தைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்பு புகைந்தது. அவர் ஊதவில்லை.

சாமி தட்டை நீட்டினார்.

“உப்பு பத்தலைன்னு அவகிட்டச் சொல்லும்.”