அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

மழைக்காலத்தில் அந்த மலைமேல் இருக்கும் வானாய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். மேகம் விலகும்வரை தொலைநோக்கிக்கும் ஓய்வு, அதில் வேலை செய்பவர்களுக்கும் ஓய்வு. எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் குடியிருப்பில் தங்கியிருப்பவர் எஸ்தர் மேடம் ஒருவர்தான். பணி ஓய்வு பெற்றும் மலையை விடாதவர். அப்படியொரு ஈரமான மதியத்தில் சடகோபன் அவரைப் பார்க்க வந்தார்.

சடகோபனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் மேடத்தின் ஆய்வு மாணவர், இப்போது பேர் பெற்ற பேராசிரியர். ஒரு விண்மீன் கூட்டத்தின் தூரத்தை அளந்து அவர் எழுதிய கட்டுரைக்கு அடுத்த மாதம் விருது கொடுக்கப் போகிறார்கள். ஆனால் விருது வாங்கப் போகிறவரின் முகமாக அது இல்லை.

மேடம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ஆளே வத்திப் போயிட்ட?"

"ஒரு கேள்வி மேடம். அந்தக் கட்டுரையை நானூறு பேருக்கு மேல மேற்கோள் காட்டியிருக்காங்க. விருது அறிவிச்சதும் நடந்த பாராட்டு விழாவுல எல்லாரும் அந்த எண்ணைத்தான் சொன்னாங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதைப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆள் இல்ல. ஏன் மேடம் அப்படி?"

நானூறு பேர் நடுவில் ஒருவன் இப்படித் தனியாக நிற்க முடியுமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"லேப்டாப் இருக்கா? அவங்கல்லாம் உன்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு படி."

தன்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பலவற்றைச் சடகோபன் திறந்ததே இல்லை. எண் ஏறுகிறதா என்று பார்ப்பதோடு சரி. முதல் கட்டுரையைத் திறந்தார்.

"'இத்தகைய கூட்டங்கள் முன்பே ஆராயப்பட்டுள்ளன.' பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள என் பேரு."

"உன் பேரு மட்டுமா?"

"இன்னும் ஆறு பேரு இருக்காங்க."

"பந்தியில இலை போட்டிருக்காங்க. சாப்பிட்டாங்களான்னு தெரியல. அடுத்தது?"

அடுத்ததைப் படித்துவிட்டுச் சடகோபன் நிமிர்ந்தார். "நான் இப்படிச் சொல்லவே இல்ல மேடம்."

"சொல்லாததுக்கும் பேரு கிடைச்சிருக்கு. சந்தோஷப்படு. அப்புறம்?"

"இதுல பக்க எண் தப்பு. இதுக்கு அடுத்ததுலயும் அதே தப்பு. அதுக்கு அடுத்ததுலயும்..."

"ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் ஆடு மாதிரி வேலி தாண்டியிருக்காங்க."

மேடம் சிரித்தார். சடகோபனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சிலவற்றைப் படித்தார். எல்லாம் ஒரே வரிதான். ஓரிடத்தில் விரல் தயங்கியது. அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ஒண்ணைத் தாண்டிட்டியே."

"அது வேணாம் மேடம். துருக்கியில ஒரு பொண்ணு. குத்தம் கண்டுபிடிச்சு எழுதியிருக்கா."

"படி."

அது ஒரு வரி இல்லை. அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்கு இவருடைய கட்டுரையைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாள். சடகோபன் மெதுவாகப் படித்தார்.

"'தூரத்தை அளக்க அடிப்படையாகக் கொண்ட விண்மீன் ஒன்றா, நெருங்கி நிற்கும் இரண்டா என்று சடகோபனே அடிக்குறிப்பில் ஐயப்பட்டிருக்கிறார். அவர் பதிவுகளை எல்லாம் வாங்கி மீண்டும் கணக்கிட்டேன். அவர் ஐயம் சரி. அவை இரண்டு. எனவே அவர் சொன்ன தூரம் சரியல்ல.'"

"அவ சொல்றது சரியா?"

சடகோபன் அந்தப் பக்கத்தை மறுபடி மேலே தள்ளிப் பார்த்தார்.

"சரிதான் மேடம்."

"எப்பத் தெரிஞ்சது?"

"போன வருஷம். எனக்கு மெயில்கூடப் போட்டிருந்தா. நான் பதில் போடல."

"ஏன்?"

"ஒத்துக்கிட்டா திருத்தம் வெளியிடணும். அப்புறம் விருது எங்க இருக்கு?" சடகோபன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா அந்த அடிக்குறிப்பைப் படிச்சிருக்கா மேடம். அந்த ஒரு விண்மீனை வெச்சுக்கிட்டு ஒரு குளிர்காலம் பூரா முழிச்சிருந்தேன். பொடி எழுத்துல ரெண்டு வரி எழுதினேன். அது உங்களுக்குக்கூடத் தெரியாது."

"தெரியாது. நான் முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்."

மேடம் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சடகோபனுக்குச் சுருக்கென்றது. அவர் லேப்டாப்பை மூடினார். இத்தனை தூரம் வந்ததே வீண் என்று தோன்றியது.

"என் கேள்விக்கு நீங்க பதில் சொல்லல மேடம்."

மேடம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பேசறதுக்கு ஒருத்தி வந்து ஒரு வருஷமா உன் வாசல்ல நிக்கிறா. திறந்தா விருது போயிடும்னு நீ உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்ட. அப்புறம், யாருமே வரலைன்னு சொல்ல மலையேறி எங்கிட்ட வந்திருக்க."