மாமனார் கொடுத்த மலை சைக்கிள்

தென்காசிக்குக் கிழக்கே வாழை இலை வியாபாரம் செய்துவந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் இசக்கித்துரை, இரண்டாமவன் சுடலைவேல், கடைக்குட்டி மாடக்கண்ணு. பெரியவர்கள் சொன்ன சொல்லை ஓர் எழுத்துக்கூட மீற மாட்டார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே சிக்கல்.

இசக்கித்துரையின் மாமனார் தங்கப்பழம் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். மகள் உலகம்மாளைக் கட்டிக்கொடுத்தபோது, தான் ஆசை ஆசையாக மலையேறிய கியர் சைக்கிளையும் மருமகனுக்குக் கொடுத்தார். உலகம்மாள் வீட்டுக்குள் வந்தாள். சைக்கிள் மொட்டைமாடிக்குப் போனது. இத்தனை வருஷமாகப் போர்வை காயப்போட வசதியாக இருந்தது.

ஒருநாள் போன் வந்தது.

"மருமவனே, ஞாயித்துக்கிழம வாறேன். சைக்கிள எடுத்துட்டு மலைக்குப் போவோம். அத நல்லா வச்சிருக்கீருல்லா? இல்லன்னா நான் குடுத்தத நானே திருப்பிக் கொண்டுபோயிருவேன்."

இசக்கித்துரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மாமனார் கொடுத்தது இரண்டு. எதைக் கொண்டுபோவார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"கொஞ்சம் துருப் பிடிச்சிருக்கு மாமா. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிருதோம்."

"மொதல்ல மூணு பேருமாச் சேந்து பிரிங்க. மிச்சத்த அப்புறம் சொல்லுதேன்."

மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பிக்குள் பிரிப்பது எந்தக் குடும்பத்திலும் லேசான காரியம் இல்லை.

"பிரேம் மூத்தவனுக்கு" என்றான் இசக்கித்துரை.

"சரி. முன்சக்கரம் எனக்கு, பின்சக்கரம் தம்பிக்கு" என்றான் சுடலைவேல்.

"அது எப்படி? காலம் பூராவும் நான்தான் பின்னால வரணுமா?" என்றான் மாடக்கண்ணு.

ஹேண்டில்பாரையும் மணியையும் சேர்த்துக் கொடுத்து அவனைச் சமாதானப்படுத்தினார்கள். அவன் தன் பாகத்தைச் சாக்கில் கட்டி, அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

"பிரிச்சாச்சு மாமா. யாருக்கும் மனக்குறை இல்ல" என்று போனில் சொன்னான் இசக்கித்துரை. மாமனாருக்கு அது விளங்கவில்லை. போகட்டும் என்று அடுத்ததைச் சொன்னார். "செயினக் கழத்தி மண்ணெண்ணெயில ஊறப்போடும்."

இசக்கித்துரை கழுத்தைத் தடவிப் பார்த்தான். இரண்டு பவுன் செயின். தயங்காமல் கழற்றிச் சட்டியில் போட்டான். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தபோது, உலகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவனை உள்ளே விட்டாள். சைக்கிளின் சங்கிலி துருவோடு மாடியில் கிடந்தது. அதைப் பற்றி மாமனார் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மாட்டச் சொன்னார். பிரித்தது பிரித்ததுதான் என்று மாடக்கண்ணு சாவியைத் தர மறுத்தான். கெஞ்சி வாங்கினார்கள்.

"இடது பெடல மட்டும் எதிர்ப்பக்கமாத் திருகி மாட்டணும். மறந்துராதீரும்" என்று மாமனார் அழுத்திச் சொல்லியிருந்தார்.

எதிர்ப்பக்கம் முத்தையா டெய்லர் வீடு. மூவரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

"ஒரு பெடல இங்க வச்சு மாட்டிட்டுப் போயிருதோம்" என்றான் இசக்கித்துரை.

"ஏன், உங்க வீட்ல எடமில்லையா?"

"எடமிருக்கு. ஆனா எங்க வீடு எதிர்ப்பக்கம் இல்லையே."

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்து யோசித்தார். "இங்கேருந்து பாத்தா உங்க வீடுதானப்பா எதிர்ப்பக்கம்."

அதிலும் நியாயம் இருந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் டெய்லர் வீடு மறுபடியும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. கடைசியில் நடுத்தெருவில் வைத்து, சுத்தியலால் அடித்துப் பெடலை உள்ளே இறக்கினார்கள்.

மாமனார் சொன்னதில் மிச்சம் ஒரே வேலை. சீட்டை மருமகனின் உயரத்துக்கு ஏற்றி வைக்க வேண்டும். இசக்கித்துரையைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"முடியச் சேத்து அளக்கணுமா, முடி இல்லாமலா?" என்றான் சுடலைவேல்.

"முடியும் அண்ணனோடதுதான" என்றான் மாடக்கண்ணு.

"எண்ணெய் தேச்சா அமுங்கிருமே."

"அப்ப எண்ணெய் தேச்சிட்டே அளப்போம்."

தேய்த்தார்கள், அளந்தார்கள். நீளமான தண்ணீர்க் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் சீட்டைப் பொருத்தினார்கள். இசக்கித்துரை பக்கத்தில் நின்று பார்த்தான். சீட்டும் தலையும் ஒரே மட்டம். அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். வாசலில் நின்ற சைக்கிளை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். மருமகனைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"உலகம்மா, இத்தன வருஷமா எப்படிம்மா இருக்க?"

"பழகிருச்சுப்பா" என்றாள் அவள்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. குழாயைப் பிடுங்கிப் போட்டார். புதுச் சங்கிலி, புதுப் பெடல் வாங்கி மாட்டினார். இருட்டுமுன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

மறுநாள் காலை மலைக்குப் போனார்கள். மருமகன் ஓட்டிவருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, மாமனார் முன்னால் நடந்துபோய் உச்சியில் நின்றுகொண்டார். இசக்கித்துரை மிதித்தான். தம்பிகள் பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கடைசி வளைவில் அவனுக்கு மூச்சு முட்டவே, சைக்கிள் நகராமல் நின்றுவிட்டது.

மேலேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "முடியலன்னா எறங்கித் தள்ளும் மருமவனே."

இசக்கித்துரை இறங்கினான். தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தார்கள். தள்ளினார்கள்.

சற்று நேரத்தில் மூவரும் வெறுங்கையோடு உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"சைக்கிள் எங்க?" என்றார் மாமனார்.

"தள்ளிட்டோம் மாமா" என்றான் இசக்கித்துரை. பெரிய பாரத்தை இறக்கிவைத்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. "பாதிப் பள்ளத்துல ஒரு மரத்துல மாட்டி நின்னுச்சு. அப்படியே விட்டுருவோமா? மாடக்கண்ணு கீழ எறங்கிப் போயி இன்னொரு தள்ளு தள்ளிட்டுத்தான் வந்தான்."