நல்ல கேஸ்

“மேடம், என் நோயாளிக்குக் குணமாயிடுச்சு” என்றான் இன்பராஜ், அழாத குறையாக.

பேராசிரியர் புஷ்கலா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“சந்தோஷம்.”

“பரீட்சை அடுத்த மாசம் மேடம்.”

“அதுவும் சந்தோஷம்.”

அந்த மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. மேல்படிப்பின் கடைசிப் பரீட்சையில், நோயாளி ஒருவரைத் தேர்வாளர்கள் முன் உட்காரவைத்து, அவருக்கு இன்ன நோய்தான் என்று மாணவன் நிறுவிக் காட்ட வேண்டும். அதற்காக அவனவன் தனக்கென்று ஒரு நல்ல கேஸைப் பிடித்து வார்டில் வைத்துக்கொள்வான்.

நல்ல கேஸ் என்றால் நோய் நன்றாக இருக்கிற கேஸ். ஆள் நன்றாகிவிட்டால் கேஸ் கெட்டுப்போகும்.

இன்பராஜின் கேஸ் கெட்டுப்போயிருந்தது.

மாரிச்செல்வம் ஒரு மினி பஸ் டிரைவர். ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போதெல்லாம் அவர் காதில் ஒரு குரல், “ஸ்டியரிங்க வலது பக்கமா ஒடி, ஆத்துக்குள்ள விடு” என்று சொல்லும். மாதக் கணக்கில் அந்தக் குரலோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் முடியவில்லை. பாலத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு, ரோட்டோரம் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் நிறைய ஜனம். திட்டாதவர் இல்லை. சிலர் அடித்தும்விட்டார்கள். அதற்கப்புறம்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

இன்பராஜ் அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தான். அதுதான் வினை. மாத்திரைக்கு நோய் கேட்டது. குரல் தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் நின்றே போனது.

“இப்போ அவர்கிட்ட என்ன கேட்டாலும் ‘ஒண்ணும் இல்ல சார், நல்லாத் தூங்குதேன் சார்’னு சொல்றார் மேடம். எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு அவர் சம்சாரம் தினமும் வந்து நிக்கறாங்க. வார்டுல வேற நல்ல கேஸும் இல்ல. போன வருஷம் மாதிரியே ஆயிடும்.”

போன வருஷம் அவனுக்கு வாய்த்த நோயாளி, தேர்வாளர்களைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கடைசிவரை வாய் திறக்கவில்லை. இன்பராஜ் தோற்றான். ஊரில் அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணமும் தள்ளிப்போனது.

“நான் என்ன செய்யட்டும் மேடம்?”

புஷ்கலா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

“மாத்திரையை நிறுத்து.”

இன்பராஜ் நின்றுகொண்டே இருந்தான்.

“பதில் சொல்லியாச்சு. போ.”

புஷ்கலா நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்கிறவர் இல்லை. நோயாளிகள் சொன்னதையே சொல்கிறார்கள் என்று மாணவி ஒருத்தி சலித்துக்கொண்டாளாம். “உன் பேரென்ன?” என்று கேட்டாராம். அவள் சொன்னதும் மறுபடி கேட்டாராம். அன்று முழுக்க அவளை எங்கே பார்த்தாலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். விடுதியில் இப்படிக் கதைகள் ஏராளம். கடைசியில் கேட்டவருக்கு ஏதோ பளிச்சென்று விளங்கிவிடும், கதையும் முடிந்துவிடும். விளங்காமல் போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இன்பராஜ் வராந்தாவில் நின்று யோசித்தான்.

இதற்கு உள்ளர்த்தம் இருக்கும். நீ வைத்தியம் பார்க்க வந்தாயா, பரீட்சை எழுத வந்தாயா என்று கேட்கிறாரோ?

ஆனால் அப்படிக் கேட்கவில்லையே. மாத்திரையை நிறுத்து என்றுதானே சொன்னார்? சின்னக் குழந்தைக்கும் புரிகிற தமிழ். அவ்வளவு பெரியவர் சொன்ன வார்த்தைக்கு நாமாக ஓர் அர்த்தம் கற்பிக்கலாமா?

காரியம் ஆக வேண்டுமென்றால் மனிதனுக்குப் பணிவு எங்கிருந்துதான் வருமோ, வந்துவிடுகிறது.

அவன் வார்டுக்குப் போனான்.

“மாத்திரை வேண்டாமா டாக்டர்? யாரு சொன்னா?” என்றார் நர்ஸ் ஸ்டெல்லா.

“மேடம்.”

“மேடம் சொன்னாங்களா? அப்போ சரி.”

மாரிச்செல்வம் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாள்தான் கேட்டாள்.

“மாத்திரைய நிப்பாட்டிட்டீங்களே சார், பூரா குணமாயிட்டா?”

“ஆமாம்மா.”

“அப்பம் வீட்டுக்குப் போலாமா?”

“கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டுப் போங்க.”

பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் கோயில் திருநீறைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். அவன் கிறிஸ்தவன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பாள். இன்பராஜ் அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினான்.

முதலில் மாரிச்செல்வத்துக்குத் தூக்கம் போனது. அப்புறம் சாப்பாடு. பரீட்சை நெருங்கியபோது, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“வந்துட்டான் சார்.”

“யாரு?”

“அவந்தான்.”

இன்பராஜுக்குப் பயமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவும் இருந்தும், மாத்திரை அலமாரிப் பக்கம் கால் போகவில்லை.

பரீட்சை நாளில் வெளியூர்த் தேர்வாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளூர்த் தேர்வாளராகப் பக்கத்தில் புஷ்கலா. மாரிச்செல்வத்தைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

இன்பராஜ் மடமடவென்று ஒப்பித்தான். ஒரு தடுமாற்றம் இல்லை. தேர்வாளர் கேட்டுவிட்டு, நோயாளி பக்கம் திரும்பினார்.

“குரல் என்ன சொல்லுது?”

“ஆத்துக்குள்ள விடுங்கான்.”

“இப்பவும் கேக்குதா?”

“நீங்க பேசும்போது கூடவே பேசுதான் சார்.”

தேர்வாளரின் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நோயாளி எங்கே கிடைக்கிறார்? அடுத்தது, இப்படிப்பட்ட நோயாளிகளிடம் தவறாமல் கேட்கிற கேள்வி.

“அவன் சொல்றபடி செஞ்சுடுவீங்களா?”

மாரிச்செல்வம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பஸ்ஸுல ஆளு இருக்குல்லா சார்? எவனோ சொல்லுதான்னு செஞ்சிருவனா?”

இன்பராஜ் குனிந்துகொண்டான்.

“வெரி குட்” என்றார் தேர்வாளர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

புஷ்கலா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாரிச்செல்வத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை நாற்காலியின் விளிம்பை விடவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் இன்பராஜ் வார்டுக்கு ஓடினான். மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். மாரிச்செல்வம் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். பேச்சியம்மாள் வாசலில் மறித்தாள்.

“குணமாயிட்டுன்னுதானே சார் நிப்பாட்டுனீங்க? பொறவு எப்படி சார் வந்துச்சு?”

அவன் விலகி நடக்கப் பார்த்தான்.

“நாந்தான் கருவாட்டுக் குழம்பு குடுத்தேன். வீட்டுச் சாப்பாடு கேட்டாவளேன்னு குடுத்தேன். அதனாலயா சார்?”

“அதனால இல்லம்மா.”

“பொறவு எதனால?”

அவளைச் சுற்றிக்கொண்டு அவன் நடந்தான். பின்னாலிருந்து அவள் மறுபடியும் கேட்டது காதில் விழுந்தது.

புஷ்கலா அறையில் தனியாக இருந்தார்.

“கதவைச் சாத்து” என்றார். “அவருக்குக் குணமாயிடுச்சுன்னு நீதானே என்கிட்ட வந்து சொன்னே?”

“ஆமா மேடம்.”

“அப்போ இன்னிக்கு நான் பார்த்தது என்ன?”

“மாத்திரையை நிறுத்தினேன் மேடம். இப்போ மறுபடி ஆரம்பிச்சுட்டேன்.”

“யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“நீங்கதான் மேடம் சொன்னீங்க.”

“நானா?”

கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

“அடப்பாவி, அது உனக்குச் சுரீர்னு உறைக்கணும்னு சொன்னதுடா. ‘நீங்கல்லாம் ஒரு டாக்டரா?’ன்னு நீ என்னைத் திருப்பிக் கேக்கணும். அதுக்குத் துணிச்சல் இல்லைன்னா, வெட்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகணும்.”

“தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் மேடம் போனேன்.”

புஷ்கலா கோபத்தில் குரலை உயர்த்தினார்.

“இதை நான் எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன் தெரியுமா? பரீட்சை வந்தா எவனாவது ஒருத்தன் வந்து நிப்பான், கேஸ் குணமாயிடுச்சுன்னு. எல்லார்கிட்டயும் இதேதான் சொல்லுவேன். எல்லாரும் பேசாம திரும்பிப் போவாங்க. ஒருத்தன்கூட உன்னை மாதிரி...”

பாதியில் நிறுத்தினார்.

இன்பராஜுக்கு எதிர்த்துப் பேசும் எண்ணம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“அவங்கல்லாம் என்ன செஞ்சாங்க மேடம்?”

சுவர் நிறைய, வருஷா வருஷம் படித்து முடித்துப் போனவர்களோடு எடுத்த படங்கள். புஷ்கலா எழுந்து அவற்றின் அருகே போனார். எல்லாப் படத்திலும் நடுவில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள், சிரிப்புகள். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார், எடுத்தார். இன்னொரு முகத்தில் வைத்தார்.

“யாரும் வந்து சொல்லல” என்றார். “நானும் கேக்கல.”

கடைசிப் படத்துக்குப் பிறகு வெறும் சுவர்தான் இருந்தது. அவர் திரும்பவில்லை.

“எல்லாரும் பாஸாயிட்டாங்க.”