ராஜா காலுக்குப் பூட்டு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கோட்டைச் சீமையை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மத்தியானம் அவனுக்கே ஞாபகம் இருக்காது.

அந்த ஊரில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் தேரை ஓட்டமாட்டார்கள், பறக்கவிடுவார்கள். ஒருநாள் ஒரு தேர் கடைத்தெருவில் பூ விற்றவளின் காலை நசுக்கிவிட்டுப் போனது. ஓட்டியவன் ரதசாலை அதிகாரி கஜேந்திரராயரின் மருமகன். ராஜா கொதித்துப்போய், "இந்த வேகத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்கள்!" என்றான்.

அமைச்சர் அறவாழி எளிதாக ஒரு வழி சொன்னார். "சக்கரத்தின் மேல் ஒரு நிறுத்துக்கட்டை வைப்போம். கயிற்றை இழுத்தால் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். கயிறு ஓட்டுகிறவர் கையில் இருக்கட்டும்."

ராஜா தலையாட்டியதுதான் தாமதம், கஜேந்திரராயருக்கு வயிறு எரிந்தது. அமைச்சர் பெயர் வாங்குவதா?

"மகாராஜா, கயிற்றைப் போய் வண்டிக்காரன் கையிலா கொடுப்பது? மாட்டுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? என் கட்டை, வேகம் கூடினால் தானாகவே விழும். அதற்கு இரும்புப் பூட்டு, அரக்கு முத்திரை. சாவி என்னிடம். திறக்க வேண்டுமானால் மூன்று பேர் கையெழுத்தோடு மனுப் போடட்டும், விசாரிக்கிறேன்."

"பிரமாதம்!" என்றான் ராஜா. "எல்லா வண்டிக்கும் மாட்டுங்கள்!"

"அரண்மனைத் தேர்கள் நீங்கலாக" என்று ஓலையின் அடியில் கஜேந்திரராயர் பொடி எழுத்தில் சேர்த்துக்கொண்டார். மருமகன் அரண்மனைத் தேரில் ஏறிப் பழையபடி பறந்தான். உப்பு வண்டியும் வைக்கோல் வண்டியும்தான் நொண்டின.

ஒச்சாயி என்று ஒரு வண்டிக்காரி. புருஷன் போனபிறகு இருபது வருஷமாகச் சந்தைக்கு ஆள் ஏற்றிப் பிழைப்பவள். ஒருநாள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு காட்டாற்றில் இறங்கினாள். நடு ஆற்றுக்குப் போனபோது மேற்கே 'ஹோ'வென்று சத்தம். வெள்ளம்! மாடுகளை முடுக்கினாள். வேகம் கூடியதும் கட்டை 'டக்'கென்று விழுந்து சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. வண்டிக்குள் இருந்தவர்கள் அலறினார்கள். ஒச்சாயி இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, கடையாணிச் சுத்தியலால் பூட்டை நாலு போடு போட்டாள். பூட்டு தெறித்தது. வண்டி கரையேறியதும் வெள்ளம் அவர்கள் இருந்த இடத்தைச் சுருட்டிக்கொண்டு போனது.

அதற்கு அவளுக்குக் கிடைத்தது கைது. மாடுகளும் பறிமுதல்.

"ராஜ முத்திரையை உடைத்தாயா?" சபை நடுவில் கஜேந்திரராயர் கர்ஜித்தார். உடைந்த பூட்டும் சுத்தியலும் சாட்சியாக மேடையில் இருந்தன.

"உடைச்சேன் சாமி. ஏழு உசுரு இருந்துச்சு."

"மனுப் போட்டிருக்கலாமே?"

"வெள்ளத்துக்கிட்டேயா சாமி?"

சபை சிரித்தது. ராயரின் முகம் சிவந்தது. "இவளை விட்டால் ஆளாளுக்குப் பூட்டை உடைப்பான். ஆறு மாதம் உள்ளே போடுங்கள் மகாராஜா!"

அப்போது அமைச்சர் எழுந்தார். "ராயர் சொல்வதுதான் சரி. நான்தான் புரியாமல் பேசிவிட்டேன். ஆனால் வண்டியோடு நிறுத்துவானேன்? வண்டியில் அடிபட்டவர்களைவிட ஓடி விழுந்தவர்கள்தான் ஊரில் அதிகம். போன மாதம் மகாராஜாவே படிக்கட்டில் ஓடி முழங்காலைப் பெயர்த்துக்கொள்ளவில்லையா? ஒவ்வொருவரின் இரண்டு காலுக்கும் நடுவே முழ நீளத்தில் ஒரு சங்கிலி போட்டுப் பூட்டிவிடலாம். நடக்கலாம், ஓட முடியாது. முத்திரையும் சாவியும் மனுவும் ராயர் முறைப்படியே இருக்கட்டும்."

ராஜாவுக்கு ஒரே குதூகலம். "நாளைக் காலையிலேயே மாட்டுங்கள்! முதலில் ராயருக்கு. எனக்கு வெள்ளியில்! இவள் வழக்கும் நாளைக்கே."

ராயர் விழித்தார். தன் திட்டத்தைத் தானே வேண்டாம் என்பதா? "பாக்கியம் மகாராஜா" என்று முனகினார்.

மறுநாள் சபை கூடியது. ராஜாவும் ராயரும் சங்கிலி கலகலக்கக் குட்டிக் குட்டி அடி வைத்து வந்து உட்கார்ந்தார்கள். ஒச்சாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிறிது நேரத்தில் வாசலில் ஒரே கூச்சல். "யானை! யானை அவிழ்த்துக்கிட்டு வருது!"

சேவகர்கள், புலவர்கள், வாயிற்காவலர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகக்கூடப் பாய்ந்தார்கள். யானை சபைக்குள் தும்பிக்கையை நீட்டியது. ராஜா எழுந்து ஓடப் பார்த்துக் குப்புற விழுந்தான்.

"ராயரே, சாவி!"

"ரத... ரதசாலையில் இருக்கிறது மகாராஜா. மனு..."

"மனுவா? அடப்பாவி!"

"மூன்று பேர் கையெழுத்து வேண்டுமே!" ராயர் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஒச்சாயி ஓடவில்லை. மேடையில் இருந்த சுத்தியலை எடுத்தாள். ராஜாவின் காலடியில் குந்தினாள். ஒரே அடி. பூட்டு பிளந்தது. ராஜாவைத் தூக்கி நிறுத்தி, "இப்பவும் முத்திரையை உடைச்சுட்டேன் மகாராஜா. இதுக்கும் ஆறு மாசமா?" என்று கேட்டாள்.

ராஜா அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவன் பார்வை யானை மேல் இருந்தது. யானை அமைச்சர் கையிலிருந்த வாழைப்பழத்தை மெதுவாக வாங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீர்கள். வயது அறுபது, மெல்லக்கூடப் பல்லில்லை. நான்தான் வரச்சொன்னேன்" என்றார் அமைச்சர். "பூட்டு யார் காலில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும் மகாராஜா. தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன்."

ராஜா உடைந்த சங்கிலியைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். பிறகு ஒச்சாயியைப் பார்த்துக் கை கூப்பினான்.

"கட்டை இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் கயிறு ஓட்டுகிறவர் கையில். என் தேருக்கும் உண்டு. பிறர் காலை நசுக்குகிறவன் எவன் மருமகனானாலும் இனித் தேரைத் தொடக்கூடாது. உனக்கு என்னம்மா வேண்டும்?"

"மாட்டை விடச் சொல்லுங்க மகாராஜா. தண்ணி காட்டினாங்களோ என்னவோ."

மாடுகள் வந்தன. அரண்மனைச் சாரதிகளுக்கு வண்டி பழக்கும் வேலையும் அவளுக்கே வந்தது.

"மகாராஜா, என் சங்கிலி?" என்று இழுத்தார் கஜேந்திரராயர்.

"அதற்கென்ன? நீர் வகுத்த முறை இருக்கிறதே. மனுப் போடும். நீரே விசாரியும்."

மனு எழுத ஒருநாள். மூன்று கையெழுத்துக்கு ஊரில் ஒருவரும் அகப்படாமல் பத்து நாள். அதுவரை ராயர் குட்டிக் குட்டி அடி வைத்துக் கடைத்தெருவைக் கடக்கும்போதெல்லாம், காலில் கட்டுப் போட்டிருந்த பூக்காரி கூடையை ஓரமாக நகர்த்திக்கொண்டு, "பாத்துப் போங்க சாமி, வேகமாப் போயிடாதீங்க" என்றாள்.